ஒளித்து வைக்காத புதையல்

புதையல் எடுக்க நம் ஊரில் நடைமுறைகள் கொஞ்சம் சிக்கலானவை. மை போட்டுப் பார்க்க வேண்டும். அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டும். பூதம் காவல் இருந்தால் அது என்ன கேட்கும் என்று சொல்ல முடியாது. இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி நானே சில செய்திகள் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு வகைப் புதையல் இருக்கிறது. அதற்கு ஒரு செல்போன் போதும். இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் தருவார்கள். அந்த இடத்துக்குப் போய் மரப்பொந்து, பாலத்தின் அடி, கல் இடுக்கு என்று தேடினால் ஒரு டப்பா கிடைக்கும். உள்ளே ஒரு சின்ன நோட்டு. கூடவே ஒரு பொம்மைக் கார், ஒரு கீ செயின், ஒரு வெளிநாட்டுச் சில்லறை. அவ்வளவுதான். இதற்காகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு நூறு கிலோமீட்டர் போய் வருகிற ஆசாமிகள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். இன்றைய தேதிக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் உலகத்தில் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரு வகையில் பில் கிளின்டன். ஜி.பி.எஸ். சாட்டிலைட்கள் அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தமானவை. பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டைக் காட்டு என்றால் அடுத்த தெருவைக் காட்டும். 2000-ம் வருடம் மே 1-ம் தேதி அந்தக் கலப்படத்தை நிறுத்தச் சொல்லி கிளின்டன் அறிவித்தார். நூறு மீட்டர் வரை இருந்த தவறு, ஒரே ராத்திரியில் இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது.

இரண்டே நாளில், மே 3-ம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பக்கெட்டைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, சாஃப்ட்வேர், ஒரு கவண். இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் போட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். மூன்று நாளைக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜியோகேஷிங் என்ற பெயர் அந்த மாதம் 30-ம் தேதி பிறந்தது. இந்த மே 30 என்ற தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

விதிகள் எளிமையானவை. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கு, அல்லது அதற்கு மேல், ஒன்றை வைக்க வேண்டும். நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். டப்பாவை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. சுத்தமான டபுள் என்ட்ரி. ஆடிட்டர் இல்லாமலேயே இருபத்தைந்து வருடமாகக் கணக்கு நேராக ஓடுகிறது என்பதுதான் ஆச்சரியம்.

இந்த விளையாட்டைப் பெரிய நகரங்களைவிடச் சின்ன ஊர்கள்தான் மார்போடு அணைத்துக்கொண்டிருக்கின்றன என்று எனக்குச் சொன்னவன் என் அண்ணன் மகன். கனடாவில் சஸ்காச்சுவான் மாநிலத்தில் இருக்கிறான். பரப்பளவில் நம் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. 2021 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை பதினோரு லட்சத்துச் சொச்சம். ஆளுக்கு ஒரு தாலுகா பிரித்துக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

அந்தப் பக்கத்தை பிரெய்ரி என்கிறார்கள். வட அமெரிக்காவின் நடுவயிற்றில், கனடாவில் தொடங்கி அமெரிக்காவுக்குள் இறங்கும் புல்வெளிச் சமவெளி. இப்போது பெரும்பாலும் கோதுமை வயல். ரயில் பாதையை ஒட்டி வரிசையாக ஊர்கள் தோன்றின. ஒவ்வோர் ஊருக்கும் கோதுமை சேர்த்து ரயிலில் ஏற்ற ஒரு மரக் கோபுரம். 1930-களில் கனடா பிரெய்ரியில் அந்தக் கோபுரங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தன. அப்புறம் பண்ணைகள் பெரிதாகி ஆட்கள் குறைந்தார்கள். கிளை ரயில் பாதைகளைப் பிடுங்கினார்கள். பள்ளிக்கூடம் மூடியது, தபால் ஆபீஸ் மூடியது, சர்ச்சும் மூடியது. கோபுரங்கள் இன்று சில நூறுதான் மிச்சம்.

"நெடுஞ்சாலையில போறவன் எதுக்கு சித்தப்பா அந்த ஊருக்குள்ள திரும்பணும்? ஒரு காரணமும் இல்ல. அதனால அவங்களே ஒரு காரணத்தை ஒளிச்சு வச்சிருக்காங்க" என்றான்.

பழைய கோதுமைக் கோபுரத்தின் பின்னால் ஒரு டப்பா. மூடிய பள்ளிக்கூடத்தின் வேலியோரம் ஒரு டப்பா. முதலில் வந்து குடியேறியவர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஒன்று. எண்களைத் துரத்திக்கொண்டு நாலு பேர் வருவார்கள். இவன் ஒருமுறை அப்படிப் போய், புதரில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து ஒரு கிழவி வந்தாராம். ரிட்டயரான டீச்சர். டப்பாவை வைத்ததே அவர்தான். இடத்தைச் சொல்ல மாட்டேன் என்று சிரித்துவிட்டு, அந்தப் பள்ளியில் யார் யார் படித்தார்கள், எந்த வருடப் பனியில் யார் வழி தவறிப்போனார் என்று அரைமணி நேரம் பேசினாராம். டப்பா கிடைத்தது. ஆனால் அவன் ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்தது அந்த அரைமணி நேரத்தைத்தான்.

இன்றைக்கும் உயிரோடு இருக்கும் டப்பாக்களில் மிகப் பழையது கன்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்ற இடத்தில் இருக்கிறது. 2000 மே 11-ம் தேதி வைத்தது. முதல் பக்கெட்டுக்கு எட்டே நாள் இளையது. மிங்கோவை ஊர் என்று சொல்வதற்கே கொஞ்சம் தாராள மனசு வேண்டும். நெடுஞ்சாலை, வயல், சில வீடுகள். அங்கே வந்து நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கென்றே கடல் கடந்து வருகிறார்கள்.

போன குளிர்காலத்தில் அண்ணன் மகன் லீவில் வந்தான். தங்கியது பல்லாவரத்தில், என் வீட்டில். வந்த மூன்றாம் நாள், "சித்தப்பா, உங்க ஊர்ல நானும் ஒரு டப்பா ஒளிச்சு வச்சிட்டுப் போறேன்" என்றான். காற்றுப் புகாத டப்பா ஒன்றைக்கூட வாங்கி வந்துவிட்டான்.

எங்கே வைப்பது?

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வைக்கலாமா என்றான். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைத் தொடாதீர்கள் என்று வருடக்கணக்காக மைக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கும் நாட்டில், ஒரு டப்பாவைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நைசாகக் கல்லுக்கு அடியில் சொருகினால் என்ன ஆகும்? இங்கிலாந்திலேயே 2011-ல் வெதர்பி என்ற சின்ன ஊரில் ஒருவர் இப்படி டப்பா வைக்கப்போய், வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடித்து எறிந்துவிட்டார்கள். பல்லாவரத்தில் ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் ராணுவத்தின் கன்டோன்மென்ட். சித்தப்பாவும் மகனும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

பெரிய ஏரிக்கரை? ரேடியல் ரோடு ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு போனதில், ஒளிக்கத் தோதான அமைதியான கரை எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சரி, வெள்ளிக்கிழமை சந்தை? அங்கே செடியிலிருந்து செகண்ட் ஹேண்ட் மிக்ஸி வரை எல்லாம் கிடைக்கும். இந்த வெள்ளிக்கிழமை ஒளித்து வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை அதே டப்பா இருபது ரூபாய்க்கு விற்பனைக்கு இருக்கும். மூடி தனி.

அவன் அசரவில்லை. டப்பாவே இல்லாத ஒரு வகை இருக்கிறதாம். எர்த்கேஷ் என்று பெயர். அமெரிக்க நிலவியல் சங்கத்தின் துணையோடு 2004-ல் தொடங்கியது. பாறையோ, குகையோ, ஆற்றுப் படுகையோ இருக்கும் இடத்துக்கு எண்கள் தருவார்கள். போய்ப் பார்த்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய ஒரு கேள்வி கேட்பார்கள். எடுப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை. பார்த்ததுதான் புதையல்.

"அப்படி ஏதாவது இருக்கா சித்தப்பா இங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் கல். நம் வீட்டு அஸ்திவாரத்திலும் ரோட்டிலும் கிடக்கிற ஜல்லிதான். திரிசூலம், பல்லாவரம் குன்றுகளை உடைத்து உடைத்தே சென்னையின் பாதி நிமிர்ந்திருக்கிறது. குன்று இருந்த சில இடங்களில் இப்போது தண்ணீர் நிற்கும் குவாரிப் பள்ளங்கள். இந்தக் கருங்கல்லுக்கு நிலவியலில் பெயர் சார்னகைட். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தா நகரத்தை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல், நம் பக்கத்து மலைக்கல். தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்து 1893-ல் அந்த மனிதரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். உலகத்தில் எந்தக் கண்டத்தில் இந்த மாதிரிக் கல் அகப்பட்டாலும் சார்னகைட்தான். அதை ஒப்பிட்டுப் பார்க்க மூலக்கல் பல்லாவரமும் பரங்கிமலையும். பரங்கிமலைப் பாறையை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள்.

வயது சுமார் 250 கோடி வருடம். பூமிக்குள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானது. மேலே இருந்த அத்தனையும் தேய்ந்து கரைந்த பிறகு, நாம் ஜல்லி உடைப்பதற்கு வசதியாக வெளியே வந்திருக்கிறது. உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. அண்ணன் மகன் விரலால் தேய்த்துப் பார்த்தான். "ஒரு கேள்வி ரெடி" என்று போனில் குறித்துக்கொண்டான்.

இரண்டாவது, பரங்கிமலையிலிருந்து தொடங்கிய ஒரு கோடு. 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, மலையின் பக்கத்துச் சமவெளியில் நூறு அடி எஃகுச் சங்கிலியை நீட்டினார். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். நானூறு தடவை சங்கிலியை எடுத்து வைத்து, 57 நாளில் அளந்து முடித்தார். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டு போனதில்தான் இந்தியாவின் வரைபடம் உருவானது. எவரெஸ்ட்டின் உயரம் கணக்குப் போட்டதும் அந்த வரிசையில்தான். செல்போனில் இரண்டு எண்களைத் தட்டி டப்பா தேடுகிற விளையாட்டுக்கு நம் ஊர்த் தாத்தா ஒருவர் உண்டென்றால் அது அந்தச் சங்கிலிதான். இன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் அபார்ட்மென்ட்கள் இருக்கின்றன.

மூன்றாவது, பல்லாவரம் மலையில் குடைவரை. பஞ்ச பாண்டவர் மலை என்பார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து ஐந்து அறைகள் எடுத்த கோயில். இப்போது தர்கா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். பெயர் மாறினாலும் கும்பிடுகிற இடமாகவே இருக்கிறது. மகேந்திரவர்மன் தன் பட்டப்பெயர்களை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். "லாக் புக்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு சித்தப்பா" என்றான் இவன். நம் பையன்கள் மலையில் எங்கே பார்த்தாலும் பெயின்ட்டில் அம்பு துளைத்த இதயம் போட்டு வைப்பதும் அதே ஆசைதானோ என்னவோ. ராஜா உளியால் போட்டார். அதனால் கல்வெட்டு.

நான்காவதற்காகத்தான் அந்தத் தேதியை ஞாபகம் வைக்கச் சொன்னேன்.

1863 மே 30, சனிக்கிழமை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற 28 வயது இளைஞர், இந்திய நிலவியல் துறையில் ஐந்து வருட சர்வீஸ், பல்லாவரம் கன்டோன்மென்ட்டின் பரேடு மைதானத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் இறங்கினார். ஐரோப்பாவில் அப்போதுதான் நதிப் படுகைகளில் ஆதி மனிதனின் கல்லாயுதங்கள் கிடைத்து ஊர் பூராவும் அதே பேச்சு. அந்தக் கண்ணோடு சரளையைப் பார்த்தவர், ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மற்றக் கற்கள் உருண்டவை. இது செதுக்கியது. கற்கோடரி.

இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சாட்சி அதுதான். சிந்து வெளி தெரியாத காலம். ஹரப்பாவைத் தோண்ட இன்னும் அறுபது வருடம் இருக்கிறது. நம் சரித்திரம் வேத காலத்தில் ஆரம்பிக்கிறதா, அதற்குக் கொஞ்சம் முன்னாலா என்று பண்டிதர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பல்லாவரத்துச் செம்மண் குழியிலிருந்து ஒரு கல் வந்து அந்தக் கணக்கையே லட்சத்தில் மாற்றிவிட்டது. அதே வருடம் செப்டம்பரில் ஃபுட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய எடுத்தார்கள். அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் பல வருடம் தோண்டி, அங்குள்ள கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் வருடம் என்று 2011-ல் நிறுவினார்கள். தென்னிந்தியாவின் இந்தக் கோடரி மரபுக்கு ஆராய்ச்சிப் புத்தகங்களில் மெட்ராஸ் என்றே பெயர். ஃபுட் தன் சேகரிப்பை 1904-ல் அரசாங்கத்துக்கு விற்றார். எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது.

அண்ணன் மகன் கேட்டான்: "அந்தக் குழி எங்க சித்தப்பா?"

நியாயமான கேள்வி. எர்த்கேஷுக்கு எண்கள் வேண்டும். எங்கே நின்று அந்த எண்களை எடுப்பது? ஒரு டீக்கடையில் கேட்டோம். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "புரூஸ் ஃபுட்டா? புதுசா வந்த ஓட்டலா சார்?" என்றார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "கன்டோன்மென்ட் பக்கம்னு சொல்லுவாங்க தம்பி. இடம்னு கேட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். நடந்தோம். ராணுவச் சுவர், குடியிருப்பு, கார் ஷெட், கோயில், மெடிக்கல் ஷாப். அன்று நடந்த நடையில், இங்கேதான் என்று சொல்லும் ஒரு கல்லோ பலகையோ எங்கள் கண்ணில் படவில்லை. ஜியோகேஷிங் பாஷையில், தேடியும் கிடைக்காவிட்டால் டி.என்.எஃப். என்று பதிவு போட வேண்டும். 'கண்டுபிடிக்கவில்லை' என்பதன் சுருக்கம். போட்டான்.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்தேன். கோடரி போன்ற ஒரு பொருளுக்கு மதிப்பே இடத்தில்தான் இருக்கிறது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அது சாட்சி. தெரியாவிட்டால் அழகான கல். எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத ரொக்கம். கையில் இருக்கும், கணக்கில் வராது. ஃபுட் ஒழுங்காகக் குறிப்பு எழுதிவைத்த மனிதர். அதனால்தான் பல்லாவரம் என்ற பெயராவது நமக்கு மிஞ்சியது. 160 வருடத்தில் குழியை இழந்தது நாம்.

ஐந்தாவது இடத்தை நான் அவனுக்குக் கொஞ்சம் தயங்கித்தான் காட்டினேன். 1880-களில் அலெக்ஸாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி பல்லாவரத்தில் தோண்டி, சுட்ட மண்ணால் செய்த, கீழே வரிசையாகக் கால் வைத்த ஈமப்பேழைகளையும் முதுமக்கள் தாழிகளையும் எடுத்தார். இரும்புக் காலத்து மனிதர்களின் மயானம். அந்தப் பகுதி இப்போது நெருக்கமான குடியிருப்பு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கு அப்புறம் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று 2010-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அங்கே அரை கிரவுண்டில் ஓட்டு வீடு வைத்திருக்கும் என் நண்பர் ஒருவருக்கு அது எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவனுக்கு இடம் இருக்கு சார். என் பேரன் படுக்க ஒரு ரூம் கட்ட இடம் இல்ல" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணன் மகன் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவர் சொல்றதும் சரிதானே" என்றான்.

சரிதான். அவரைத் திட்டி ஒரு கட்டுரை எழுதுவது சுலபம். பாரம்பரியத்தின் அருமை தெரியாத ஜனங்கள் என்று ஆரம்பித்தால் மூன்று பக்கம் தானாக ஓடும். ஆனால் அந்த மனிதரின் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். பழம்பெருமை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு மாடி. கொடுத்தது என்ன? ஒரு தடை. பக்கத்தில் வரவே விழவில்லை. அந்தத் தாழியைப் பார்க்க நாலு பேர் வந்து, அவர் திண்ணையில் உட்கார்ந்து, இது யாருங்க, எப்பங்க என்று கேட்டிருந்தால் அவருக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். வருகிறவர்களுக்கு டீ விற்க அவர் மகனுக்கு ஒரு கடையாவது இருந்திருக்கும். மயானம் அவருடைய ஊராகியிருக்கும். இப்போது அது அவருக்கு ஒரு ஃபைல்.

பிரெய்ரிக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் பொக்கிஷம் என்று வைத்திருப்பது நூறு வருடத்துக் கோபுரம், நாற்பது பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். நம் ஊரில் அதைப் பழசு என்றுகூடச் சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கு ஒரு விலாசம் போட்டு, பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்து, வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். ஊர் சாகக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. நமக்கு அந்தப் பயம் இல்லை. ஜி.எஸ்.டி. ரோடு நிரம்பி வழிகிறது, 2020-ல் மேம்பாலமும் வந்தாகிவிட்டது, பல்லாவரத்தின் மேலேயே பறந்து தாம்பரம் போய்விடலாம். ஆள் இல்லாமல் ஊர் தொலைவது ஒரு வகை. ஆள் நிறைந்து தொலைவது இன்னொரு வகை.

இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம், சிலை வேண்டாம், அமைச்சர் வர வேண்டாம். பழைய ராணுவ வரைபடங்களையும் ஃபுட்டின் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, அந்தக் குழி இந்தச் சுற்றளவுக்குள் இருந்திருக்கலாம் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வட்டம் போடட்டும். துல்லியமாக வேண்டாம். கிளின்டனுக்கு முந்தைய ஜி.பி.எஸ். மாதிரி நூறு மீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அங்கே பொதுவான ஒரு சுவரில் நாலு வரி தமிழில் எழுதட்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டால், வருகிறவர்களை மடக்கி மடக்கிக் கதை சொல்வார்கள். வேண்டாம் என்றாலும் விட மாட்டார்கள். அந்த டீ மாஸ்டருக்கும் அடுத்த தடவை பதில் தெரிந்திருக்கும்.

அண்ணன் மகன் ஊருக்குப் போய்விட்டான். ஒளிக்க வாங்கிய டப்பாவில் இப்போது என் வீட்டுக் கடுகு இருக்கிறது. இங்கே எடுத்த குறிப்புகளையெல்லாம் அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

அதற்குக் காத்திருக்க வேண்டாம், நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே வரலாம். பீச்சிலிருந்து தாம்பரம் போகும் பெரும்பாலான மின்சார ரயில்கள் பல்லாவரத்தில் நிற்கும். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடுங்கள். குடைவரையில் செருப்பைக் கழற்றுங்கள். கல்லைத் தொட்டுப் பாருங்கள், பெயரை மட்டும் எழுதாதீர்கள். இறங்கி வரும்போது கன்டோன்மென்ட் பக்கம் யாரையாவது நிறுத்தி, புரூஸ் ஃபுட் கல் எடுத்த இடம் எது என்று கேளுங்கள். முதல் பத்துப் பேருக்குத் தெரியாது. நூறு பேர் கேட்டால், என்னதான் அது என்று பதினோராவது ஆள் விசாரிக்க ஆரம்பிப்பார்.

போய்வந்து, பார்த்ததைத் தேதி போட்டு ஒரு கார்டிலோ மெயிலிலோ எனக்கு எழுதி அனுப்புங்கள். நோட்டுப் புத்தகம் நான் வைத்திருக்கிறேன்.